கவசத்துக்குக் கணக்குக் காட்டியவர்கள்

சூப்பர்ஹீரோக்களுக்கு யதார்த்தம் தந்த இயக்குநர்களே, உங்களுக்கு ஒரு பாராட்டு பாக்கி இருக்கிறது. இருபது வருடமாக விமர்சகர்கள் உங்களைப் பாராட்டித்தான் வருகிறார்கள். ஆனால் 'இருண்ட படம்', 'முதிர்ச்சியான படம்', 'நிஜத்துக்குப் பக்கத்தில் வந்த படம்' என்பதோடு அது நின்றுவிடுகிறது. நீங்கள் பட்ட பாட்டுக்கு அது காணாது. என்னென்ன செய்தீர்கள் என்று யாராவது உட்கார்ந்து எடுத்துச் சொல்ல வேண்டும்.

நீங்கள் பொறுப்பேற்றபோது நிலைமை எப்படி இருந்தது என்பதிலிருந்து தொடங்குவதுதான் நியாயம். 1997இல் ஜோயல் ஷூமாக்கரின் 'பேட்மேன் அண்ட் ராபின்' வந்தது. ரப்பர் கவசத்தில் முலைக்காம்பு வைத்து வார்த்திருந்தார்கள். அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் வாயைத் திறந்தால் பனிக்கட்டியை வைத்து ஒரு சிலேடை. ஏலம் நடக்கிற இடத்தில் பேட்மேன் தன் பெயர் போட்ட கிரெடிட் கார்டை எடுத்து நீட்டினார். அந்தப் படத்துக்குப் பிறகு எட்டு வருடம் அவர் திரைப் பக்கமே வரவில்லை. அதற்கும் முன்னால், 1966இல், ஆடம் வெஸ்ட் காலத்துப் படம் ஒன்று உண்டு. ஹெலிகாப்டர் ஏணியில் தொங்குகிற பேட்மேனின் காலைச் சுறா கவ்விக்கொள்ள, ராபின் மேலிருந்து சுறா விரட்டும் ஸ்ப்ரேயை எடுத்துக் கொடுப்பான். டப்பாவின் மேல் அதன் பெயர் கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கும். பேட்மேனின் குகையில் இருக்கிற கருவிகளுக்கெல்லாம் அப்படிப் பெயர்ச்சீட்டு உண்டு. ஊர் சிரித்த ஒரு மனிதரைத் தலைநிமிர்ந்து நடக்க வைக்க வேண்டும் என்று நீங்கள் நினைத்தீர்கள். அந்த எண்ணத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

கிறிஸ்டோபர் நோலனின் 'பேட்மேன் பிகின்ஸ்' 2005இல் வந்தது. அதில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது சண்டைக் காட்சிகளை அல்ல. வெய்ன் நிறுவனத்தின் அடித்தளக் கிடங்கில் நடக்கிற பேச்சைத்தான். மார்கன் ஃப்ரீமன் நடித்த லூசியஸ் ஃபாக்ஸ் ஒவ்வொரு பொருளாக எடுத்துக் காட்டுகிறார். கவசம், காலாட்படைக்காக நோமெக்ஸில் செய்தது. மேலங்கி, மின்சாரம் பாய்ந்தால் விறைத்து இறக்கையாகிற துணி. வண்டி, ஆற்றைத் தாவிக் கடந்து பாலத்துக்கு வடம் இழுப்பதற்காக உருவாக்கியது. பாலம் சரிப்பட்டு வரவில்லை, வண்டி மிஞ்சிவிட்டது. முகமூடி மட்டும் கிடங்கில் இல்லை. ஒன்றே ஒன்று செய்யச் சொன்னால் சந்தேகம் வரும் என்று 10,000 முகமூடிகளுக்கு ஆர்டர் போகிறது. வந்த முதல் சரக்கு தரமில்லை. அடித்துப் பார்த்தால் உடைகிறது. அடுத்த 10,000 சரியாக இருக்கும் என்று வீட்டுப் பணியாளர் ஆல்ஃபிரட் சமாதானம் சொல்கிறார். ஒரு வௌவால் முகமூடியின் கொள்முதல் விவரத்தை இவ்வளவு பொறுப்போடு பார்வையாளனுக்குச் சொன்ன படம் அதற்கு முன் எனக்குத் தெரிந்து இல்லை. 1966இல் டப்பாவின் மேல் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டு போய், அதே வேலையைச் செய்ய மார்கன் ஃப்ரீமனின் குரல் வந்தது. அந்தக் குரல் எதைச் சொன்னாலும் நம்பத் தோன்றும்.

அதே பேச்சில் ஒரு வரி வருகிறது. இவ்வளவு நல்ல கவசத்தை ராணுவம் ஏன் வாங்கவில்லை என்று, பேட்மேனாகப்போகிற புரூஸ் வெய்ன் கேட்கிறார். ஒரு சிப்பாயின் உயிருக்கு 3 லட்சம் டாலர் செலவு செய்யலாம் என்று கணக்கர்களுக்குத் தோன்றவில்லை என்கிறார் ஃபாக்ஸ். படம் முழுக்கத் தேடினாலும் இதைவிட யதார்த்தமான வசனம் கிடைக்காது. இராக்கில் போர் நடந்துகொண்டிருந்த வருடம் அது. அந்த வரியைச் சொன்ன துணிச்சலுக்கு ஒரு பாராட்டு. சொன்ன கையோடு அதைக் கிடங்கிலேயே விட்டுவிட்டு மேலங்கித் துணிக்கு நகர்ந்துவிட்ட வேகத்துக்கு இன்னொரு பாராட்டு.

கடைசிக் கட்டத்தில் ஒரு இயந்திரம் வருகிறது. எதிரியின் தண்ணீரை நுண்ணலையால் ஆவியாக்கும் போர்க்கருவி. தெருவுக்கு அடியில் குழாய்க்குள் ஓடும் தண்ணீர் கொதித்துச் சீறுகிறது, மூடிகள் பறக்கின்றன. பக்கத்திலேயே மனிதர்கள் நிற்கிறார்கள். உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீரைச் சுமந்துகொண்டு நின்ற இடத்தில் நின்று சண்டை போடுகிறார்கள். யாருக்கும் ஒரு கொப்புளம் கூட இல்லை. முகமூடியின் தரக் குறைபாட்டுக்கு விளக்கம் கேட்ட அதே கண்டிப்பை இங்கேயும் காட்டியிருந்தால் படம் அங்கேயே முடிந்திருக்கும். கிடங்கில் நீங்கள் சம்பாதித்த நம்பிக்கை இந்த இடத்தைத் தாங்கிப் பிடித்தது. சின்னப் பொய்க்கு ரசீது காட்டிவிட்டால் பெரிய பொய்க்கு யாரும் ரசீது கேட்பதில்லை என்பதை உங்களைப் போலப் புரிந்துகொண்டவர்கள் குறைவு.

கதையிலேயே மிகப் பெரிய பொய் இந்த இயந்திரமும் இல்லை. ஊரிலேயே பெரிய பணக்காரர், ராணுவம் வேண்டாம் என்று ஒதுக்கிய சாமான்களை மாட்டிக்கொண்டு ராத்திரியில் சந்து சந்தாகப் போய் அடித்தால் ஒரு நகரம் திருந்திவிடும் என்பதுதான் அது. இரும்பு மனிதன், பறக்கும் மனிதன், சுவரில் ஊரும் மனிதன் எல்லாரையும்விட நம்ப முடியாத கற்பனை. யதார்த்தம் என்ற வெளிச்சத்தை எல்லா மூலையிலும் அடித்துப் பார்த்த நீங்கள், இந்த ஒரு மூலையின் இருட்டைக் கலைக்காமல் பத்திரமாக வைத்திருந்தீர்கள். பேட்மேனை உண்டாக்கிய பாப் கேனும் பில் ஃபிங்கரும் 1939இல் விட்டுப்போன மாயத்தில் ஒரு துளியும் சிந்தாமல் காப்பாற்றியது நீங்கள்தான்.

இதையெல்லாம் தொடங்கிவைத்த பழைய ஆட்களுக்கு இந்தச் சாமர்த்தியம் இருந்ததில்லை. 1938இல் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் சூப்பர்மேனைக் கொண்டுவந்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் கிளீவ்லாந்தில் வளர்ந்த இளைஞர்கள். அந்தக் கதாபாத்திரத்தின் உரிமையை அவர்கள் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். விஞ்ஞான விளக்கத்துக்கு அவர்கள் ஒதுக்கியது முதல் பக்கத்தின் அடியில் ஓரிரு கட்டம்தான். எறும்பு தன் எடையைப் போலப் பல மடங்கு சுமக்கிறது, வெட்டுக்கிளி தன் உடம்பளவுக்குப் பல மடங்கு தாவுகிறது, இவனும் அந்த மாதிரிதான். விளக்கம் முடிந்தது. அப்போது அவன் பறக்கக்கூட இல்லை, தாவத்தான் செய்தான். விளக்கத்தில் மிச்சம் பிடித்த பக்கங்களைப் பாருங்கள். மின்சார நாற்காலிக்குப் போகவிருந்த நிரபராதிப் பெண் ஒருத்திக்காக நள்ளிரவில் ஆளுநர் வீட்டுக் கதவை உடைக்கிறான். பெண்டாட்டியை அடிக்கிறவனைத் தூக்கிச் சுவரில் வீசுகிறான். மூன்றாவது இதழில், பாதுகாப்பில்லாத சுரங்கத்தில் ஆட்களை வேலை வாங்கும் முதலாளியையும் அவர் வீட்டு விருந்தாளிகளையும் அதே சுரங்கத்துக்குள் சிக்கவைக்கிறான். அடுத்த வருடம், அரசாங்கம் புது வீடு கட்டித் தரட்டும் என்று ஒரு சேரியையே இடித்துப் போடுகிறான். பொருளாதார மந்தத்தில் அடிபட்ட அமெரிக்காவில் 10 சென்ட்டுக்கு விற்ற பிள்ளைகள் புத்தகம் அது. சுரங்கமும் சேரியும் அடைத்துக்கொண்ட பக்கங்களில், உடை என்ன துணி என்று சொல்ல அவர்களுக்கு இடமில்லாமல் போய்விட்டது. அந்தக் குறையைத்தான் நீங்கள் பிற்பாடு தீர்த்துவைத்தீர்கள்.

உழைப்பில் உங்களுக்கு ஈடு கிடையாது. நோலனின் அடுத்த பேட்மேன் படமான 'தி டார்க் நைட்'டுக்காக சிகாகோவின் லாசால் தெருவில் ஒரு முழுநீள டிரெய்லர் லாரியை நிஜமாகவே தலைகுப்புறப் புரட்டினார்கள். கிறிஸ் கார்போல்டின் குழு லாரிக்குள் பிஸ்டன் வைத்து, வங்கிக் கட்டடங்களுக்கு நடுவே அதை நெட்டுக்குத்தாக நிமிர்த்திப் போட்டது. பழைய மிட்டாய்த் தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றை மருத்துவமனையாக்கி நிஜமாகவே வெடி வைத்துத் தகர்த்தார்கள். ஐமேக்ஸ் கேமராவின் கனத்தையும் இரைச்சலையும் சகித்துக்கொண்டு பெரிய காட்சிகளை எடுத்தார்கள். அந்த லாரி எழுகிறபோது அரங்கில் உண்டாகிற திகைப்பு கணினியில் வரைந்து வருவது இல்லை. எடையுள்ள ஒரு பொருள் விழுகிறபோது மட்டும் வயிற்றில் ஏற்படுகிற உணர்வு அது. இந்த அளவு மெனக்கெட்டு இரும்புக்கும் ரப்பருக்கும் கண்ணாடிக்கும் உண்மையாக இருந்தவர்கள் இந்த வகைப் படங்களில் வேறு யாரும் இல்லை.

ஆனால் அந்தப் படத்தில் நீங்கள் கணக்குக் காட்டாமல் விட்ட ஆள் ஒருவன் இருக்கிறான். பிடித்து உள்ளே போட்ட பிறகு அவனைப் பற்றி போலீஸ் அதிகாரி கார்டன் சொல்லும் தகவல் இவ்வளவுதான்: கைரேகை எதனோடும் பொருந்தவில்லை, சட்டையில் கடைச்சீட்டு இல்லை, பையில் கத்திகளும் பஞ்சுத் துணுக்கும்தான், பெயர் கிடையாது. வாயோரத்துத் தழும்புக்கு ஒருமுறை அப்பா காரணம் என்கிறான், இன்னொருமுறை மனைவிக்காகத் தானே கிழித்துக்கொண்டேன் என்கிறான். எதை நம்புவது என்று படம் சொல்லவே இல்லை. அவனாக நடித்து, படம் வருவதற்கு முன்பே காலமாகிவிட்ட ஹீத் லெட்ஜருக்கு 2009இல் ஆஸ்கர் கொடுத்தார்கள். உலகம் முழுக்க 100 கோடி டாலருக்கு மேல் வசூலித்த அந்தப் படத்தில், இன்றைக்கும் மாறுவேடப் போட்டிக்குப் போகிற பையன் எடுத்துக்கொள்வது அந்தக் கடைச்சீட்டு இல்லாத சட்டையைத்தான். பேட்மேனின் கவசம் எங்கே வாங்கியது என்று தெரியும். ஜோக்கர் எங்கிருந்து வந்தான் என்று தெரியாது. உங்கள் யதார்த்தம் எவ்வளவு வலுவானது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. அது தன் நடுவில் ஒரு பூதத்தை உட்கார வைத்து, அந்தப் பூதத்தாலேயே பேர் வாங்கியது.

பிறகு அந்தக் கணக்கையும் தீர்த்தீர்கள். 2019இல் டாட் பிலிப்ஸின் 'ஜோக்கர்' வந்தது. பெயர் ஆர்தர் ஃப்ளெக். சிரிப்புக்கு ஒரு நரம்புக் கோளாறு. குழந்தைப் பருவத்துக்கு ஒரு மருத்துவமனைக் கோப்பு. மாத்திரைக்கு ஒரு அரசு அலுவலகம், அதை மூடுவதற்கு ஒரு நிதி வெட்டு. வாக்கின் ஃபீனிக்ஸ் உடம்பை உருக்கி நடித்தார். படம் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வாங்கியது. கோடிகளும் கொட்டின. பெயரே இல்லாமல் ஊரை நடுங்க வைத்த ஒருவனுக்கு முகவரி, நோய், வேலை, அம்மா எல்லாம் வாங்கிக் கொடுத்து, பார்த்தால் பாவம் என்று சொல்லும்படி ஆக்கிவிட்டீர்கள். அவனைக் கண்டு பயப்பட வேண்டிய அவசியம் அதோடு நீங்கியது. 2024இல் வந்த தொலைக்காட்சித் தொடரில், பேட்மேனின் இன்னொரு எதிரியான பெங்குவினின் பெயரைக்கூட ஆஸ்வால்ட் காபிள்பாட் என்பதிலிருந்து ஆஸ் காப் என்று சுருக்கினீர்கள். தெருவில் கூப்பிட வசதியான பெயர்.

உங்கள் சகாக்கள் சிலர் செய்ததையும் இந்த இடத்தில் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2000த்தில் 'எக்ஸ் மென்' கூட்டத்துக்கு மஞ்சளும் நீலமும் களைந்து கறுப்புத் தோல் மாட்டினார்கள். 2009 'வாட்ச்மென்' படத்தில் நியூயார்க்கின் மேல் வந்து விழ வேண்டிய ராட்சதக் கணவாய் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு ஒளி வெடிப்பு வைத்தார்கள். எல்லாவற்றுக்கும் சிகரம் 2007இல் வந்த 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' இரண்டாம் படம். ஜாக் கர்பி 1966இல் வரைந்த கலாக்டஸ், கோள்களைத் தின்னும் ராட்சதன். ஊதா நிறக் கவசம், தலையில் இரண்டு பக்கமும் கொம்பு போல நீண்ட கிரீடம், கட்டடங்களுக்கு மேலே நின்று பூமியைக் குனிந்து பார்க்கிற முகம். படத்தில் அவன் ஒரு மேகமாக வந்தான். கோளைத் தின்கிற மேகம் நம்பக்கூடியது, கோளைத் தின்கிற ஆள் நம்பக்கூடாதது என்று எந்த அறிவியலை வைத்து முடிவு செய்தார்களோ, அந்த அறிவியலின் நுட்பம் என் எல்லைக்கு அப்பாற்பட்டது. முடிவெடுத்தவர்களின் உறுதியை மட்டும் வணங்குகிறேன்.

இனி சூப்பர்மேன். 2013இல் ஜாக் ஸ்னைடரின் 'மேன் ஆஃப் ஸ்டீல்'. பேன்ட்டுக்கு மேல் போட்ட சிவப்பு ஜட்டியை எழுபத்தைந்து வருடமாக ஊர் கிண்டல் செய்தது, நீங்கள் கழற்றினீர்கள். நீலம் சாம்பலோடு கலந்தது, சிவப்பு உலர்ந்தது, துணியில் சங்கிலிக் கவசம் போன்ற நெய்தல் வந்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அற்புதமான தையல் வேலை. உடை முதிர்ந்தது போலவே மனிதர்களும் முதிர்ந்தார்கள். சிறுவன் கிளார்க், ஆற்றில் விழுந்த பள்ளிப் பேருந்தைத் தூக்கிக் கரையேற்றிவிட்டு, பின்னே அவர்களைச் சாகவிட்டிருக்க வேண்டுமா என்று அப்பாவிடம் கேட்கிறான். இருக்கலாம் என்கிறார் ஜொனாதன் கென்ட். பிறகு சூறாவளியில் அவரே மாட்டிக்கொண்டபோது, வராதே என்று மகனுக்குக் கையை உயர்த்திக் காட்டிவிட்டுச் செத்துப்போகிறார். வந்திருந்தால் மகன் யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடும். உலகத்திலேயே அதிக பலமுள்ள பிள்ளை, கண்ணெதிரே அப்பா சாவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். எச்சரிக்கையான குடும்பங்கள் எப்படி யோசிக்கும் என்பதை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய சூப்பர்மேன் படம் வேறில்லை. கடைசியில் எதிரி ஸாடின் கழுத்தை சூப்பர்மேன் கையாலேயே முறிக்க வைத்தீர்கள். அதற்குள் மெட்ரோபோலிஸ் நகரத்தில் விழுந்த கட்டடங்களை எண்ணி முடியாது. சிமெண்ட் தூசு எப்படிப் பறக்கும், எஃகுச் சட்டம் எப்படி வளையும், கண்ணாடி எந்த ஒலியில் கொட்டும் என்பதில் ஒரு பிழை இல்லை.

இந்தப் பக்குவம் இல்லாத காலத்தில் ரிச்சர்ட் டானர் என்ன செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும், அப்போதுதான் உங்கள் அருமை விளங்கும். 1978இல் அவர் எடுத்த 'சூப்பர்மேன்' படத்தில், ஒரு மனிதன் பறக்க முடியும் என்று நீங்கள் நம்புவீர்கள் என விளம்பரத்திலேயே வாக்குக் கொடுத்தார்கள். வாக்கைக் காப்பாற்ற முன்புற ஒளிவீச்சு, கம்பி, ஜூம் லென்ஸ் என்று கையில் கிடைத்ததையெல்லாம் வைத்துப் போராடினார்கள். ஆனால் அந்தப் படத்தை நம்ப வைத்தது வேறொரு இடம். சக நிருபர் லோயிஸ் லேன் வீட்டில் சூப்பர்மேன், கிளார்க் கென்ட் என்ற வேடத்தில், தனியாக நிற்கிறார். லோயிஸ் உள்ளே போயிருக்கிறாள். அவளிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றுகிறது. சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிறார். முதுகு நிமிர்கிறது. தோள் விரிகிறது. ஆளே சில அங்குலம் வளர்ந்த மாதிரி இருக்கிறது. அவள் பெயரைக் கூப்பிடுகிறபோது குரல் அடித்தொண்டைக்கு இறங்குகிறது. அவள் திரும்பி வருகிறாள். சொல்ல மனம் வராமல் கண்ணாடியை மாட்டிக்கொள்கிறார்; தோள் சரிகிறது, வயிறு முன்னால் வருகிறது, குரல் மூக்குக்கு ஏறுகிறது. வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டத்தில் எடுத்த காட்சி. கம்பி இல்லை, கிராபிக்ஸ் இல்லை. ஒரு கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் ஆளை எப்படி அடையாளம் தெரியாமல் போகும் என்று நாற்பது வருடமாகக் கேட்ட கேள்விக்கு ஒரு நடிகரின் முதுகெலும்பு பதில் சொன்னது. எனக்கு இன்றைக்கும் அந்த இடத்தில் கண் கலங்கும்.

அதே படத்தில் அந்தப் பறக்கும் மனிதர், ஊரைக் காப்பாற்றுகிற முதல் ராத்திரியிலேயே மரத்தில் ஏறி இறங்கத் தெரியாமல் நிற்கும் பூனையை எடுத்து ஒரு சிறுமியின் கையில் கொடுக்கிறார். அமெரிக்க அதிபரின் விமானத்தைத் தாங்கிப் பிடித்ததும் அந்த ராத்திரிதான். இரண்டுக்கும் அவர் முகத்தில் ஒரே மாதிரியான சிரிப்பு. உங்கள் படங்களில் பூனைக்கு நேரமில்லாமல் போனது இயல்புதான். கவசத்துக்கே நேரம் போதவில்லை.

சாம் ரைமியின் 'ஸ்பைடர்மேன் 2' இன்னும் சங்கடமான உதாரணம். 2004இல், உங்கள் கிடங்குக்கு ஒரு வருடம் முன்னால் வந்தது. டோபி மெக்வயர் நடித்த பீட்டர் பார்க்கருக்கு மணிக்கட்டிலிருந்து நூல் வருகிறது. எப்படி என்று கேட்டால் சிலந்தி கடித்தது, அவ்வளவுதான். அவனுக்கு வாடகை பாக்கி. பீட்சா நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாமல் வேலை போகிறது. அத்தைக்கு வங்கியில் கடன் மறுக்கிறார்கள். சலவைக்கடையில் மற்ற துணியோடு சேர்த்துப் போட்டதில் சிலந்தி உடையின் சாயம் வெள்ளைத் துணியில் ஏறிவிடுகிறது. பிறகு அந்த ரயில் காட்சி. பாதை முடிகிற இடத்தை நோக்கி ஓடுகிற ரயிலைக் கட்டடங்களில் நூல் வீசி நிறுத்துகிறான். இயற்பியல் தெரிந்தவர்கள் சிரிக்கலாம். நினைவிழந்து கீழே விழப்போகிறவனை உள்ளேயிருந்து கைகள் நீண்டு பிடிக்கின்றன. முகமூடி இல்லாத அவனை மனிதர்கள் தலைக்கு மேலே தூக்கி, ஒரு கை மாற்றி ஒரு கையாக, பெட்டியின் உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைக்கிறார்கள். என் பையன் வயசுதான் இருக்கும் என்கிறார் ஒருவர். இரண்டு சிறுவர்கள் முகமூடியைக் கொண்டுவந்து கொடுத்து, யாரிடமும் சொல்ல மாட்டோம் என்கிறார்கள். பயணிகளுக்கு ஆளுக்கொரு வசனம்கூட இல்லை. ஆனால் ஒவ்வொரு முகமும் வேலைக்குப் போய்த் திரும்புகிற முகம். அவர்களைச் சேர்ந்தவன் அவன் என்று அந்த ரயில் பெட்டி ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுகிறது. நூலை விளக்காமல் விட்டவருக்குத்தான் வாடகையைக் காட்ட இடம் கிடைத்தது என்று யாராவது சொன்னால், உங்கள் சார்பில் நான் என்ன பதில் சொல்வது?

நீங்கள் மனிதர்களைக் கவனிக்கவே இல்லை என்று சொன்னால் அது அபாண்டம். 'தி டார்க் நைட்' படத்தில் இரண்டு படகுகள் வரும். இரண்டிலும் குண்டு, எதிர்ப் படகை வெடிக்க வைக்கிற பொத்தான் இந்தப் படகில். ஒன்றில் ஊர்மக்கள், இன்னொன்றில் கைதிகள். கைதி ஒருவர் பொத்தானை வாங்கிச் சன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டு உட்கார்ந்து கொள்கிறார். உங்கள் எல்லாப் படங்களிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. அங்கே கவசமும் இல்லை, வண்டியும் இல்லை, விளக்கமும் இல்லை.

2016இல் 'பேட்மேன் வெர்ஸஸ் சூப்பர்மேன்' எடுத்தபோது, மெட்ரோபோலிஸ் சரிந்ததைத் தெருவிலிருந்து பார்க்கிற காட்சியைப் படத்தின் தொடக்கப் பகுதியிலேயே வைத்தீர்கள். போன படத்தில் செத்தவர்கள் யாரென்று கேட்ட குரல்கள் உங்கள் காதில் விழுந்திருக்கின்றன. பல இயக்குநர்களுக்கு அந்தக் காது இல்லை. இடிபாட்டில் கால்களை இழந்த வாலஸ் கீஃப் என்ற ஊழியரை புரூஸ் வெய்ன் காப்பாற்றுகிறார். இரண்டு படங்களிலும் சேர்த்துப் பார்த்தால், இடிந்த கட்டடத்திலிருந்து வெளியே வந்து பெயரும் கோபமும் உள்ள ஆளாகத் தொடர்கிற சாமானிய மனிதர் அவர் ஒருவர்தான். அவருக்கு ஒரு சக்கர நாற்காலி கொடுத்தீர்கள். அதற்குள் அவருக்கே தெரியாமல் குண்டு வைத்திருந்தார்கள். விசாரணை மண்டபத்தில் அது வெடித்தது. சூப்பர்மேன் நெருப்புக்கு நடுவில் ஒரு கீறல் இல்லாமல் நின்றார். நெருப்பின் நிறம் மிகச் சரியாக இருந்தது.

கடைசிச் சண்டைக்கு வந்தபோது கட்டடங்களைத் திரும்பவும் இடிக்க வேண்டியிருந்தது. அதற்கு நீங்கள் கண்டுபிடித்த வழி யாருக்கும் தோன்றியிருக்காது. நகரின் மையத்தில் வேலை நேரம் முடிந்துவிட்டது, அநேகமாகக் காலி என்று செய்தி வாசிப்பவர் சொல்கிறார். தீவில் யாரும் குடியில்லை என்று இன்னொருவர் சொல்கிறார். துறைமுகம் கைவிடப்பட்டது என்று மூன்றாவதாக ஒரு தகவல். எல்லா இடத்தையும் காலி செய்துவிட்டுத்தான் அடிதடியைத் தொடங்கினீர்கள். ஊர்மக்களில் ஒரு உயிர் போகவில்லை. காப்பாற்றுவதற்கும் ஒரு உயிர் இல்லை.

2025 ஜூலையில் ஜேம்ஸ் கன்னின் 'சூப்பர்மேன்' வந்தது. டேவிட் கோரன்ஸ்வெட்டுக்குச் சிவப்பு ஜட்டியைத் திரும்பப் போட்டுவிட்டார்கள். குழந்தைகள் பயப்படக்கூடாது என்பது சொல்லப்பட்ட காரணம். மேலங்கி கட்டிய நாய் ஒன்று வருகிறது. ராட்சத மிருகம் நகரத்தை மிதித்துக்கொண்டிருக்கும்போது அவர் பாய்ந்துபோய் ஒரு அணிலைத் தூக்கிப் பத்திரமான இடத்தில் விடுகிறார். அதே மாதம் வந்த வேறொரு படத்தில் கலாக்டஸும் மேகத்திலிருந்து இறங்கி, கர்பி கொடுத்த கொம்புக் கிரீடத்தோடு, கால்கள் உள்ள ராட்சதனாகவே நியூயார்க்குக்குள் நடந்து வந்தார். இந்த மகிழ்ச்சியில் உங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இருபது வருடம் நீங்கள் இவற்றை எடுத்து வைத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால், இவை திரும்பக் கிடைத்ததன் அருமை எங்களுக்குத் தெரிந்திருக்காது. ஒரு அணிலுக்காக அரங்கில் கண்ணைத் துடைத்துக்கொள்ள எங்களைத் தயார்ப்படுத்தியது நீங்கள்.

உங்கள் அடுத்த படத்தையும் இருக்கிறதிலேயே பெரிய திரையில் போய்ப் பார்ப்பேன். லாரியை நிஜமாகவே புரட்டுங்கள், அதில் எனக்கு ஆசை அதிகம். ஒரே ஒரு விண்ணப்பம். இந்த முறை கட்டடம் சரிந்தால் அலுவலக நேரத்திலேயே சரியட்டும், உள்ளே ஆட்கள் இருக்கட்டும். பறக்கத் தெரிந்தவருக்கு அவர்களை ஒவ்வொருவராகத் தூக்கிவர நேரம் வேண்டியிருக்கும். துணியைப் பற்றிய பேச்சிலிருந்து அந்த நிமிடங்களை எடுத்துக்கொள்ளுங்கள்.